இரண்டாம் இலக்க இணைப்பு

மூன்றாவது தடவையும் லெப்டொப் அதே வரியைத்தான் காட்டியது. டேட்டாபேஸுடன் தொடர்புகொள்ள முடியவில்லை.

"மிஸ், இதுக்கு நம்மள புடிக்கல்ல போல," என்றான் அரூஸ். "பொண்ணு பாக்கப் போன எடத்துல மூணு தரம் கதவ சாத்தினா, பலகாரப் பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துரணும்."

சுகிர்தா நிறுவலை நாலாவது தடவை முதலிலிருந்து தொடங்கினாள்.

காசல் ஹில் வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவளுடைய துப்பறியும் நிலையம். ஹேவாஹெட்டவில் ஒரு தோட்டத்தில் பிறந்து, கண்டிக்கு வந்து, காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பத்து வருஷம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள். எரிந்த கடைக்காரனை விட எரியாத கடைக்காரன்தான் நன்றாக அழுவான் என்பது அந்தப் பத்து வருஷத்தில் அவள் கற்ற பாடம். அக்குறணைக்காரனான அரூஸ், முன்பு போன் திருத்தும் கடை வைத்திருந்தான். வாடிக்கையாளர்களைக் கிண்டல் செய்தே அதை மூடிவிட்டு, இப்போது அவளுக்கு உதவியாளனாக இருந்தான்.

எதிர்க் கதிரையில் மோகனராஜ் இருந்தான். கண்டி–பன்வில பஸ்ஸில் கொண்டக்டர். பஸ்ஸில் நூறு பேரை அதட்டும் குரல் இங்கே ஓர் ஆளுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. தங்கச்சியோட பாஸ்போட்டக் கண்டுபிடிக்கச் சொல்லி வந்தேன். நீங்க காலைல இருந்து கம்பியூட்டர்ல என்னமோ பூட்டுறீங்க."

"அதத்தான் தேடுறேன் மோகன். பாஸ்போட் போன வழி இதுதானே."

வழி உண்மையில் அதுதான். மலைச்சாரல் வர்த்தகர் நலன்புரிச் சங்கம் நான்கு மாதங்களுக்கு முன் தனக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. அதில் ஒரு விபரக்கொத்து. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கடைகள், கம்பனிகளின் இணையதள முகவரிகளை வகைவகையாக அடுக்கிக் காட்டும் பட்டியல்; அதில் ஒவ்வொரு பதிவுக்கும் 'இணைப்பு' என்று பெயர். 'வெளிநாட்டு வேலைவாய்ப்பு' என்ற வகையின் கீழே ஒரேயொரு பெயர் இருந்தது: பொற்பாதை ஏஜென்ஸி. சங்கத்தின் பட்டியலில் இருப்பதால் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்று மோகனராஜின் தங்கை கிருஷாந்தி நம்பினாள். பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு எல்லாவற்றையும் அசலாகவே கொடுத்தாள். பிலிமத்தலாவையில் வேனில் வந்த ஒரு டை கட்டிய ஆள் வாங்கிப் போனான். அவளோடு சேர்த்து ஒன்பது பேர். இப்போது ஏஜென்ஸியின் போன் ஊமை. அதன் முகவரிக்கு நேற்று சுகிர்தாவும் அரூஸும் போய்ப் பார்த்தபோது அது ஒரு பித்தளைக் குத்துவிளக்குக் கடை. "நீங்க ஏழாவது ஆள்," என்றார் கடைக்காரர். "ஒருத்தரும் வெளக்கு வாங்குறதில்ல."

சங்கத் தலைவர் சுந்தரலிங்கம் பத்திரிகைக்கு அறிக்கை விட்டிருந்தார். 'இது தானியங்கி மென்பொருள். யாரும் எதையும் எழுதலாம். எமது தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவே காரணம். அவர் நீக்கப்பட்டுள்ளார். இணைப்பும் நீக்கப்பட்டுள்ளது.' இணைப்பு இன்னும் அப்படியே இருந்தது. நீக்கத் தெரிந்த ஒரே ஆளைத்தான் முதலில் நீக்கியிருந்தார்கள்.

அந்த ஆள் இப்போது படியேறி வந்தான். ரமேஸ், இருபத்தாறு வயது. சங்கத்தின் முறைப்பாட்டின் பேரில் ஒரு தடவை விசாரித்துவிட்டு, வியாழக்கிழமை மறுபடி பொலிசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று செவ்வாய்.

திரையைப் பார்த்தவுடனே அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "அக்கா, பாஸ்வேர்டுக்குப் பின்னால ஒரு இடைவெளி அடிச்சிருக்கீங்க."

"அதுக்காகவா காலைல இருந்து மூஞ்சத் திருப்பிச்சு?" என்றான் அரூஸ்.

ரமேஸ் இடைவெளியை அழித்துவிட்டுப் பொத்தானை அமத்தினான். பச்சை நிறத்தில் ஒரு பட்டை ஓடி முடிந்தது. வாழ்த்துகள், நிறுவுதல் முடிந்தது, பாதுகாப்புக்காக நிறுவல் கோப்புறையை உடனே அழித்துவிடுங்கள் என்றது திரை.

"வந்த ஒடனே வந்த வழிய அழிக்கச் செல்லுது," என்றான் அரூஸ். "யாரு எழுதினது மிஸ் இத, கள்ளனா?"

"கள்ளனுக்குப் பயந்தவன்," என்றாள் சுகிர்தா. "ரமேஸ், சங்கத்துல போட்டதும் இதே சொஃப்ட்வெயார்தானே?"

"இதேதான் அக்கா. இலவசம். தலைவர் மேடையில பெரிய விலைன்னு சொன்னாரு, அது வேற. தமிழாக்கம் மட்டும் நான் செஞ்சது. எல்லா வரியும்." இந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன்னுடைய தமிழாக்கத்தையும் அதில் ஏற்றினான்.

"சரி. அரூஸ், நீங்க ஒரு வியாபாரி. உங்க கடைய இதுல சேருங்க."

அரூஸ் விரல்களை முறித்துக்கொண்டு தட்டத் தொடங்கினான். அரூஸ் அன்ட் சன்ஸ். பறக்கும் குதிரைகள் வாடகைக்கு. கடுகண்ணாவை ஏற்றத்துக்கு விசேட விலைக்கழிவு.

"உங்களுக்கு மகன்மாரு இருக்காங்களா?" என்று கேட்டான் மோகனராஜ்.

"கல்யாணமே ஆகல்ல. டிரெக்டரிக்குத் தெரியவா போகுது."

அனுப்பு என்பதை அமத்தினான். நன்றி என்று திரை சொன்னது. உங்கள் இணைப்பு நிர்வாகியின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. பட்டியலுக்குப் போய்ப் பார்த்தார்கள். பறக்கும் குதிரை எங்கும் இல்லை.

மோகனராஜ் கதிரையை முன்னால் இழுத்தான். "அப்ப தானா ஏறாதா?"

"ஏறாது அண்ணே," என்றான் ரமேஸ். "உள்ள இருந்து ஒருத்தர் பாத்து, சரின்னு அமத்தணும்."

"தானியங்கின்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே."

"தலைவருக்குத் தானா இயங்குறது அவர் வாய் மட்டுந்தான்," என்றான் அரூஸ்.

சுகிர்தா நிர்வாகிப் பக்கத்துக்குப் போய் குதிரைக்கு அனுமதி கொடுத்தாள். உடனே இரண்டு போன்கள் ஒலித்தன. அவளுடையதில் வந்த மின்னஞ்சல் கடிதம் 'மதிப்புக்குரிய நிர்வாகிக்கு' என்று தொடங்கியது. அரூஸின் போனில் வந்தது 'அன்புள்ள இணைப்புச் சொந்தக்காரருக்கு' என்றிருந்தது.

"நிர்வாகிக்கு மதிப்பு, சொந்தக்காரனுக்கு அன்பு," என்றான் அரூஸ். "தம்பிக்கு ஊரு ஒலகம் நல்லா வெளங்கி ஈக்குது."

சுகிர்தா குதிரையைத் திறந்து, முகவரிப் பட்டையின் கடைசியைச் சுட்டினாள். "இந்த ரெண்டு என்னா?"

"அது இணைப்போட இலக்கம் அக்கா. ஒன்னாவது, நிறுவும்போது சொஃப்ட்வெயாரே போடுற சாம்பிள் இணைப்பு. அரூஸ் நானாவோடது ரெண்டு."

அவள் குதிரையை நீக்கினாள். இரண்டு போன்களும் மறுபடி ஒலித்தன. நிர்வாகிக்கு மதிப்போடு ஓர் அறிவித்தல், சொந்தக்காரருக்கு அன்போடு அனுதாபம். அதே குதிரையை மறுபடி சேர்க்கச் சொன்னாள். இந்த முறை இலக்கம் மூன்று.

"போன இலக்கம் திரும்பி வராதா?"

"வராது. செத்தவரோட ஐடென்டிட்டி இலக்கத்த இன்னொருத்தருக்குக் குடுப்பாங்களா அக்கா?"

சுகிர்தா சங்கத்தின் இணையதளத்தைத் திறந்தாள். முகப்பில் திறப்பு விழாப் படம். சுந்தரலிங்கம் ரிபனை வெட்டுகிறார். அடுத்த படத்தில், 'முதலாவது இணைப்பைத் தலைவர் சேர்க்கிறார்.' அந்த முதலாவது இணைப்பு அவருடைய இரும்புக் கடை. அதைத் திறந்து முகவரிப் பட்டையைப் பார்த்தாள். இலக்கம் மூன்று. பிறகு பொற்பாதை ஏஜென்ஸியைத் திறந்தாள்.

இலக்கம் இரண்டு.

சுகிர்தா இரண்டு பக்கங்களையும் திரையில் அருகருகே வைத்தாள்.

"திறப்பு விழாவுக்கு முன்னாடியே உள்ள ஏறியிருக்கு," என்றாள் சுகிர்தா மெதுவாக. "அப்ப யார் யாரால உள்ள போக முடியும்?"

ரமேஸ் தலை குனிந்தான். அரூஸ் முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினான். "தம்பி, உள்ள ஈந்தது நீங்கதான். ரெண்டாம் நம்பரும் நீங்களா?"

மோகனராஜ் எழுந்தே விட்டான். சுகிர்தா கையைக் காட்டி அவனை உட்காரவைத்தாள்.

"நானும் தலைவரும் மட்டுந்தான்," என்றான் ரமேஸ். "விழாவுக்கு மூணு நாளைக்கு முன்ன, பரீட்சிச்சுப் பாருங்க சேர்னு அவருக்கு நிர்வாகி பாஸ்வேர்ட் குடுத்தேன். அடுத்த நாள் பாத்தா ரெண்டாவது ஒன்னு கெடந்துச்சு. அவர் பழகிப் பாத்திருக்காருன்னு நெனச்சேன். விழா அன்னைக்கி ஒன்னாவது இணைப்ப அழிச்சேன். அத அழிக்கல."

"ஏன் கேக்கல அவர்கிட்ட?"

"எப்படிக்கா கேக்குறது? அவர் ஒபிசுக்குள்ள போறதுன்னா செருப்பக் கழட்டிட்டுத்தான் போகணும்." அவன் மூக்கை உறிஞ்சினான். "பொலிசுல சொன்னேன். பாஸ்வேர்ட் உங்ககிட்டயும் இருந்துச்சுதானேன்னு கேட்டாங்க. இருந்துச்சுதான். அந்த இணைப்போட மின்னஞ்சலும் யாரோ பேரில்லாத முகவரி."

அவன் சொல்வதில் இருந்த ஓட்டை அவனுக்கே தெரிந்தது. இரண்டு பேரிடம் சாவி. ஒருவர் கழுத்தில் மாலை. மற்றவன் காலில் செருப்பும் இல்லை. யாரை நம்புவார்கள் என்பதற்குத் துப்பறிவாளர் தேவையில்லை.

"ஒன்னே ஒன்னு கேக்குறேன்," என்றாள் சுகிர்தா. "சங்கத்துல நிர்வாகிக் கடிதம் யாருக்குப் போகும்?"

"ஒபிஸ் கம்பியூட்டருக்கு. கிளாக் ஸுமைரா மிஸ் மட்டுந்தான் பாப்பாங்க. தலைவருக்கு அதெல்லாம் தொல்லைன்னு வேணாமின்னுட்டாரு."

சுகிர்தா போனை எடுத்துச் சங்கத் தலைவருக்கு அழைப்பெடுத்தாள். அவள் குரல் சட்டென்று பொன்னாடை போர்த்திக்கொண்டது.

"வணக்கம் சேர். ஒன்பது குடும்பங்கள் சார்பா பேசுறேன். அந்தக் கெட்ட இணைப்ப நீங்களே உங்க கையால, செயற்குழு முன்னிலையில நீக்கினா எவ்வளவு நல்லா இருக்கும். ஆமாங்க சேர். திறப்பு விழா மாதிரி. ஒரு நீக்கு விழா. படம் எடுக்க எங்க ஆளே வருவாரு."

மறுமுனை இரண்டு விநாடி யோசித்தது. பிறகு, வீடியோவும் இருக்குமா என்று கேட்டது.

*

புதன்கிழமை மூன்று மணிக்கு, பேராதனை வீதியில் சங்க மண்டபத்தில் பதினொரு செயற்குழு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சுந்தரலிங்கத்தின் படம் ஏழு. ஒரு படத்தில் அவர் இன்னொருவருக்கு மாலை போடுகிறார். அது ஒரு மூலையில் இருந்தது.

மேசையில் கணினி. பக்கத்தில் ஸுமைரா, முப்பது வயது, ஒரு கோப்புக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி. நாலு வருஷமாக அந்த ஒபிசில் கடிதங்களைத் தட்டுபவள். யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. மோகனராஜும் கிருஷாந்தியும் கதவோரம் நின்றார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ரமேஸை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அவன் வீதிக்கு அப்பால் நின்றான்.

சுந்தரலிங்கம் வெள்ளை வேட்டியில் எழுந்து, இருபது நிமிடம் பேசினார். நவீன உலகின் ஆபத்துகள் பற்றிப் பேசினார். மலையகத்தின் பிள்ளைகள் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்தது.

அரூஸ் சுகிர்தாவின் காதருகே குனிந்தான். "எரியாத கடை மிஸ்."

"கமெராவ மேசைப் பக்கம் பாத்துப் பிடிங்க," என்றாள் அவள்.

தலைவரின் போன் மேசையில், கண்ணாடிக்கூட்டின் பக்கத்தில், முகம் மேலே தெரியக் கிடந்தது.

"இப்பொழுது," என்றார் சுந்தரலிங்கம், "இந்த நச்சுக் களையை என் கரத்தாலேயே பிடுங்கி எறிகிறேன்." அவர் சொன்ன பாஸ்வேர்டை அடித்து ஸுமைரா பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். அரூஸின் கமெராவைப் பார்த்துச் சிரித்தபடி அவர் 'நீக்கு' என்பதை அமத்தினார். கைதட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவில் அவருடைய போன் வீணை வாசித்தது. திரை விழித்து, சில வரிகள் தெரிந்தன. அவர் கை அதன் மேல் விழுந்தது. அப்படியொன்றும் வேகமாக இல்லை; வெயிலுக்குத் தலைமேல் பத்திரிகையை வைத்துக்கொள்வதுபோல.

"நீக்கின அறிவித்தலா சேர்?" என்று சுகிர்தா கேட்டாள்.

"ஆமாம், ஆமாம். நான்தானே நிர்வாகி. எல்லாம் எனக்குத்தான் வரும்."

"கொஞ்சம் வாசிங்களேன். வீடியோவுக்கு நல்லா இருக்கும்."

"அது... தொழில்நுட்ப விடயம். பொதுமக்களுக்குப் புரியாது."

செயற்குழுவில் யாரோ சோடாப் போத்தலைத் திறந்தார்கள். விழா முடிந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுந்தும் விட்டார்கள். அப்போது ஸுமைரா தொண்டையைச் செருமினாள்.

"சேர்."

"என்னம்மா?"

"நிர்வாகிக்கு வந்த கடிதம் இந்தா ஈக்குது." அவள் கணினித் திரையைச் சபையின் பக்கம் திருப்பினாள். மதிப்புக்குரிய நிர்வாகிக்கு, தாங்கள் இரண்டாம் இலக்க இணைப்பை நீக்கியுள்ளீர்கள். "எப்பவும் இங்கதான் வாரது. நாலு மாசமா நான்தான் பாக்குறேன். ஒங்களுக்கு ஒரு நாளும் வந்ததில்லையே சேர். அப்ப ஒங்க போனுக்கு வந்தது எது?"

சுந்தரலிங்கம் அவளைப் பார்த்தார். நாலு வருஷத்தில் அன்றுதான் முதல்தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது.

"வீடியோவுல தெளிவா விழுந்திருக்குது," என்றான் அரூஸ். படத்தை நிறுத்திப் பெரிதாக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான். "அன்புள்ள இணைப்புச் சொந்தக்காரருக்கு, வருந்துகிறோம், தங்கள் பொற்பாதை ஏஜென்ஸி எமது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது." அவன் தலையை ஆட்டினான். "சேர், சங்கமே அன்பா எழுதி ஈக்குது. நீங்க கைய வச்சு மூடுறீங்களே."

"இது சதி," என்றார் சுந்தரலிங்கம். "அந்தப் பொடியன் ஏதோ..."

"அந்தப் பொடியனுக்கு உங்க போனத் தொட்டுப் பழக்கமில்ல சேர்," என்றாள் சுகிர்தா. "செருப்பக் கழட்டிட்டு வந்தவன். பாஸ்போட்டெல்லாம் எங்க?"

 அவருடைய கண் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மூலையில் இருந்த இரும்பு அலுமாரிக்குப் போய்த் திரும்பியது. அதைக் கண்டவள் கிருஷாந்தி. கதவோரத்திலிருந்து நேராக நடந்து போய் அலுமாரியின் முன்னால் நின்றாள்.

"இதோட தொறப்பு யார்கிட்ட?"

"தலைவர்ட்ட மட்டுந்தான்," என்றாள் ஸுமைரா. "உள்ள பொன்னாடை ஈக்குதுன்னு செல்லுவார்."

மோகனராஜ் கதவை மறித்து நின்றான். இப்போது அவனுடைய குரல் திரும்பிவந்திருந்தது. "எறங்குறவங்க யாரும் இல்லதானே," என்றான்.

ஒருவரும் இறங்கவில்லை. இருபது வருஷமாகத் தலைவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய உப தலைவர், அன்று வேறு யாருடைய முகத்தையும் பார்க்காமல், கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். பொலிசுக்குப் போன் செய்துவிட்டு, அவர்கள் வந்த பிறகே அலுமாரியைத் திறக்க வேண்டும் என்று சுகிர்தா சொன்னாள். முக்கால் மணி நேரம் அந்தச் சோடாவை யாரும் குடிக்கவில்லை.

உள்ளே உண்மையாகவே பொன்னாடைகள் இருந்தன, இருபத்திரண்டு. அவற்றுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஒன்பது பாஸ்போட்டுகள், சான்றிதழ்களோடு சேர்த்து இறப்பர் பட்டி போட்டு.

கொழும்பில் ஓர் ஏஜண்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததாகவும், ஏஜண்ட் ஓடிவிட்டதாகவும், பாஸ்போட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் தன் பெயர் கெட்டுவிடும் என்று பூட்டிவைத்ததாகவும் சுந்தரலிங்கம் பொலிசிடம் சொன்னார். வேனில் வந்தவனின் பெயரையும் சொன்னார். ஒரு சொல் கூட மேடைத் தமிழில் இல்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு, வயதான ஒரு கடைக்காரர் பேசுவதுபோலத்தான் பேசினார். கிருஷாந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கோபம் இவரை விடக் கொஞ்சம் பெரிய ஆளைக் கேட்டது போலிருந்தது.

பாஸ்போட்டுகள் அன்றைக்குக் கிடைக்கவில்லை. வழக்குப் பொருள், வழக்கு முடிந்தபிறகு வாருங்கள் என்றார் பொலிஸ் அதிகாரி. வழக்கு எப்போது முடியும் என்று மோகனராஜ் கேட்டதற்கு அவர் மரியாதையாகச் சிரித்தார். சுகிர்தா ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, பிரதிகளை வைத்துக்கொண்டு அசலைக் கொடுக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கவைத்தாள். பதினொரு நாள் எடுத்தது. அதற்குள் சங்கம் புதிய அறிக்கை விட்டது: 'சங்கத்தின் விழிப்பினால் மோசடி அம்பலம்.' படத்தில் உப தலைவர் இருந்தார். ஸுமைராவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. ரமேஸை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாத்தளையில் ஒரு பாடசாலைக்கு இணையதளம் செய்வதாகவும், நேரமில்லை என்றும் பதில் எழுதினான். தன்னுடைய தமிழாக்கத்தை நீக்கிவிடும்படியும் கேட்டிருந்தான்.

நீதிமன்ற வாசலில், சுகிர்தாவும் அரூஸும் பக்கத்தில் நிற்க, கிருஷாந்தி பாஸ்போட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கைப்பைக்குள் வைத்து, பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டாள்.

"போதும்டி, இனி தோட்டத்துப் பக்கமே ஏதாவது பாப்போம்," என்றான் மோகனராஜ். "வா, பஸ் போயிரும்."

"நான் போவேன்ண்ணே. ஒழுங்கான வழியில போவேன்."

கேற்றருகே டை கட்டிய ஓர் இளைஞன் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தான். கட்டார், டுபாய், உடனடி விசா. அவளுக்கும் ஒன்று நீட்டினான். அவள் வாங்கி, முன்பக்கம் வாசித்தாள். திருப்பிப் பின்பக்கமும் வாசித்தாள்.

"ஏஜென்ஸி பதிவு இலக்கம் எங்க இருக்கு?"

"அது ஒபிசுல இருக்கு, மிஸ்."

"ஒபிஸ் எங்க?"

அவன் பிரசுரக் கட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு வீதியை நோக்கி நடக்கத் தொடங்கினான். கிருஷாந்தி அவனுக்குப் பின்னால் நடந்தாள். அவன் வேகமாக நடந்தான். அவளும் வேகமாக நடந்தாள்.

"மிஸ், நிப்பாட்டவா?" என்று அரூஸ் கேட்டான்.

"யார?" என்றாள் சுகிர்தா.